மெலிந்தாயிற்று, இனி எதற்கு ஓட்டம்?

ஒரு பெண் மெலிந்தால் வாழ்த்துகிறார்கள். அதே பெண் ஓடத் தொடங்கினால் ஏன் என்று கேட்கிறார்கள். எடைக் குறைப்பு அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு, நடந்து பழகி, பிறகு ஓடப் பழகிய இந்த இரண்டு வருடங்களில் நான் அதிகம் யோசித்தது இந்த வாழ்த்துக்கும் கேள்விக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்பதைத்தான்.

கேள்வியை முதலில் கேட்டவர் என் அத்தை, கணவரின் அம்மா. அறுவை முடிந்து எட்டாவது மாதம் அது. "அதுதான் எளைச்சாச்சே கண்ணு, அப்பறம் எதுக்கு ஓடோணும்?" அத்தைக்கு என்மேல் பிரியம் உண்டு. ஆஸ்பத்திரியில் என் கட்டிலுக்குப் பக்கத்தில் பாய் விரித்து மூன்று இரவும் படுத்திருந்தவர். கேள்வியில் குத்தல் எதுவும் இல்லை, அதனால்தான் அது எனக்கு முக்கியமாகப் பட்டது. பிறகு கல்லூரியில் உடன் வேலை பார்ப்பவர் கேட்டார், எதிர்வீட்டு அக்கா கேட்டார். ஆளுக்கொரு தொனி இருந்தாலும் கேள்வி ஒன்றுதான். மெலிவது நோக்கம், ஓடுவது அதற்கு வழி, நோக்கம் நிறைவேறிய பின் வழி எதற்கு? இருபது வருடமாகப் பாட்டுக்கு உரை சொல்லிப் பிழைக்கிறவள் நான். அத்தையின் ஒற்றை வரியையும் ஒரு பனுவலாக வைத்து வாசித்துப் பார்க்கிறேன்.

*

தமிழ்க் கவிதையில் பெண் மெலிவதற்கு நீண்ட வரலாறு உண்டு. தலைவன் பொருள் தேடிப் போனால் தலைவி மெலிவாள். பரத்தையிடம் போனாலும் மெலிவாள். தோள் வாடும், வளை கழலும், பசலை படரும். வகுப்பில் நான் 'வளை' என்று தொடங்கினாலே 'நெகிழ்ந்தது' என்று பிள்ளைகள் முடித்துவிடும் அளவுக்கு அது பழகிப்போன விஷயம். திருக்குறளில் இதற்கென்றே 'உறுப்புநலன் அழிதல்' என்று ஓர் அதிகாரம் இருக்கிறது, 124ஆவது. அந்த மெலிவு அவள் உடம்பில் நடந்தாலும் அதன் காரணம் அவன். அவன் திரும்பி வந்தால் தோள் பூரிக்கும். அவளுடைய உடலின் அளவை வைத்து அவன் எங்கே இருக்கிறான் என்று சொல்லிவிடலாம். பெண்ணின் தசை ஆணைப் பற்றிய தகவல் பலகையாக இரண்டாயிரம் வருடம் வேலை பார்த்திருக்கிறது.

மூன்றாவது மாதம் பாத்திரம் கழுவும்போது என் வளையலும் கழன்று தொட்டியில் விழுந்தது. தலைவன் எங்கும் போயிருக்கவில்லை, கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். இப்படி ஒரு மெலிவுக்கு இலக்கணத்தில் துறையே இல்லையே என்று எனக்குள் சிரித்துக்கொண்டேன். ஆனால் பார்க்க வந்தவர்கள் உடனே ஒரு துறையை வகுத்துவிட்டார்கள். "வீட்டுக்காரருக்கு இனிமே சந்தோசந்தான்." சர்க்கரைக்கு மாத்திரை குறைந்ததையோ, கல்லூரியின் இரண்டாம் மாடிக்கு மூச்சு வாங்காமல் ஏற முடிவதையோ யாரும் அவ்வளவாகக் கேட்கவில்லை. மெலிந்த உடம்பைப் பார்த்ததும் அதற்குரிய ஆணைத் தேடும் பழக்கம் அகத்திணையோடு முடிந்துபோகவில்லை.

மெலிதல் இப்படியென்றால் ஓடுதல் என்னவாக இருக்கிறது? 'ஓடு' என்கிற வினை ஆணோடு சேரும்போது ஓட்டக்காரன், ஓட்டப் பந்தய வீரன், ஓடியாடிச் சம்பாதிப்பவன் என்று விரிகிறது. பெண்ணோடு சேரும்போது பேச்சு வழக்கில் ஓடிப்போனவள், ஓடுகாலி என்று சுருங்குகிறது. 'ஓடுகாலி' என்ற சொல்லைப் பிரித்துப் பாருங்கள். ஓடுகிற கால் உடையவள் என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. சொல்லின் எந்த உறுப்பிலும் வசை கிடையாது. அந்தக் கால்கள் ஒரு பெண்ணுடையவை என்று கேட்பவருக்குத் தெரிந்ததும் அது வசையாகிவிடுகிறது. சங்க இலக்கியத்தில் வீட்டை விட்டுப் போகும் பெண்ணுக்கு மரியாதை உண்டே என்று யாராவது சொல்லலாம், உண்மைதான். ஆனால் அதன் பெயர் 'உடன்போக்கு'. போக்கு என்று மட்டும் சொல்ல முடியாமல் முன்னால் ஓர் 'உடன்' தேவைப்பட்டது. ஆற்றங்கரையில் ஓரையாடித் திரிந்த பெண் பருவமடைந்து களவு வெளிப்பட்டதும் வீட்டுக்குள் அடைக்கப்படுவதற்கும் அங்கே ஒரு பெயர் இருக்கிறது: இற்செறிப்பு. நம்மில் பலர் கடைசியாக ஓடியது எப்போது என்று நினைத்துப் பார்த்தால் அந்தச் சொல் இன்னும் புழக்கத்தில் இருப்பது தெரியும். நான் எட்டாம் வகுப்பு விளையாட்டு விழாவில் ஓடினேன். அடுத்து ஓடியபோது எனக்கு 44 வயது முடிந்திருந்தது. நடுவில் பேருந்துக்குப் பின்னாலும், குழந்தையின் பின்னாலும், பொங்கும் பாலை நோக்கியும் ஓடியிருக்கிறேன். அவற்றில் ஒன்றையும் எனக்காக ஓடவில்லை.

*

இன்னொரு சொல்லையும் பார்த்துவிடலாம். 'கொழுப்பு'. உடம்பில் சேரும் பொருளுக்கும் திமிருக்கும் தமிழில் ஒரே சொல். "கொழுப்பா உனக்கு?" என்று கேட்பவர் யாரும் ரத்தப் பரிசோதனை முடிவை எதிர்பார்ப்பதில்லை. ஆண்களையும் அப்படிக் கேட்பதுண்டு. ஆனால் எதிர்த்துப் பேசுகிற பெண்ணின் வாய்க்குக் 'வாய்க்கொழுப்பு' என்று தனியாக எடை போடுகிறோம். பருத்த பெண்ணுக்கு இதில் இரட்டைச் சங்கடம். அவள் உடம்பே ஒரு திமிராகப் பார்க்கப்படுகிறது: தின்பதில் அடக்கமில்லாதவள், இடத்தை அடைப்பவள், பேருந்தில் இருவர் இருக்கையில் ஒன்றேகால் இருக்கையை எடுத்துக்கொள்பவள்.

இந்தச் சொல்லின் பிடியால்தான் அறுவையைப் பற்றியும் ஒரு தவறான சித்திரம் பரவலாக இருக்கிறது. கொழுப்பை வெட்டி எடுத்துவிட்டார்கள் என்று நினைக்கிறார்கள். எனக்கு நடந்தது 'ஸ்லீவ்' என்று அழைக்கப்படும் சிகிச்சை. வயிற்றில் சிறு துளைகள் இட்டு, இரைப்பையின் முக்கால் பங்குக்கும் மேல் நீக்கிவிட்டு, மீதியை வாழைக்காய் வடிவில் ஒரு குழாய்போல் விட்டுவிடுகிறார்கள். பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் பெருமளவு சுரக்கும் மேல்பகுதியும் அதோடு போய்விடுகிறது. கொழுப்பை யாரும் தொடுவதில்லை. குறைவாகச் சாப்பிட முடிவதாலும் பசி மாறுவதாலும் உடம்பு அதைப் பிறகு தானே கரைத்துக்கொள்கிறது. கூடவே தசையையும் கரைக்கிறது. அதனால்தான் நாளுக்குக் குறைந்தது 60 கிராம் புரதமும், ஆயுள் முழுக்க பி12, இரும்பு, சுண்ணாம்புச் சத்து மாத்திரைகளும், உடற்பயிற்சியும் என்று எழுதிக் கொடுக்கிறார்கள்.

ஒரு பெண்ணியவாதி இதைச் செய்துகொள்ளலாமா என்று சில தோழிகள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். 1978இல் சூசி ஆர்பாக் பருமனைப் பெண்ணியப் பிரச்சினையாக முன்வைத்து எழுதிய நூலிலிருந்து இன்றுவரை, பெண்ணுடலைச் சுருக்கச் சொல்லும் பண்பாட்டை நாம் கேள்வி கேட்டு வருகிறோம். ரொக்சான் கே தன் பருத்த உடலைப் பற்றிய 'ஹங்கர்' நூலை 2017இல் வெளியிட்டார். சின்ன வயதில் நேர்ந்த வன்முறைக்குப் பின் தன்னைக் காத்துக்கொள்ள உடலையே கோட்டையாக்கிக்கொண்டதை அதில் எழுதினார். அடுத்த வருடமே ஸ்லீவ் செய்துகொண்டு, அதையும் வெளிப்படையாக எழுதினார். வாசகர்கள் சிலருக்கு அது முரணாகத் தெரிந்தது. எனக்கு அப்படித் தெரியவில்லை. உலகம் பருத்த உடலை நடத்தும் விதத்தை விமர்சிப்பதும், 112 கிலோவும் பன்னிரண்டு வருடச் சர்க்கரையும் சேர்ந்த ஒரு குறிப்பிட்ட உடலுக்கு மருத்துவம் பார்ப்பதும் வேறு வேறு காரியங்கள். ஒன்றைச் செய்தால் மற்றதைச் செய்யக் கூடாது என்பது ஆண்களிடம் யாரும் வைக்காத நிபந்தனை. உடம்புக் கொழுப்பு கொஞ்சம் குறைய வேண்டும், இன்னொரு கொழுப்பு அப்படியே இருக்க வேண்டும் என்பதுதான் என் விருப்பம். சிக்கல் என்னவென்றால், சுற்றியுள்ளவர்கள் இரண்டையும் ஒரே அறுவையில் எடுத்துவிட்டதாக நம்புகிறார்கள்.

*

எடைக் குறைப்பின் கதையை நமக்குச் சொல்லும் வடிவம் இரண்டு படங்கள்: முன்பு, பின்பு. மருத்துவமனை விளம்பரத்திலும் வாரப் பத்திரிகையிலும் அதே இரண்டு படங்கள்தான். முதல் படத்தில் பெண் சிரிக்கமாட்டாள், வெளிச்சம் மங்கலாக இருக்கும், உடை பொருந்தாது. இரண்டாவதில் பழைய உடையின் இடுப்பைப் பிடித்து இழுத்துக் காட்டியபடி சிரிப்பாள். இரண்டு படத்திலும் அவள் நின்றுகொண்டுதான் இருப்பாள். அந்த வடிவத்தில் எனக்குள்ள முதல் குறை இதுதான். அசையாமல் நின்றவள் அசையாமலேயே மெலிந்துவிட்டதாக அது சொல்கிறது.

2015இல் வந்த 'இஞ்சி இடுப்பழகி' நல்ல நோக்கத்தோடு எடுக்கப்பட்ட படம். அவசரமாக மெலிய வைப்பதாகச் சொல்லும் வியாபாரத்தை எதிர்த்து ஒரு பருத்த பெண் நிற்பது அதன் கதை. அந்தப் படத்தைப் பற்றிய பேச்சு எதைச் சுற்றி இருந்தது? அனுஷ்கா பாத்திரத்துக்காக எத்தனை கிலோ ஏற்றினார், எப்போது இறக்குவார் என்பதைச் சுற்றித்தான். பெண்ணுடலை எண்ணாகப் பார்க்காதீர்கள் என்று சொல்ல வந்த படத்தையும் எண்ணாகவே பார்த்துவிட்டோம். தலைப்பையும் கவனியுங்கள். பருத்த பெண்ணின் கதைக்கும் இடுப்பைத்தான் கூப்பிட வேண்டியிருந்தது.

முன்புக்கும் பின்புக்கும் நடுவில் இருக்கும் மாதங்களை யாரும் படம் எடுப்பதில்லை. அதனால் அவற்றை இங்கே எழுதுகிறேன்.

அறுவை நடந்த அன்று மாலையே எழுப்பி நடக்க வைத்தார்கள். ரத்தம் உறையாமல் இருக்க அது கட்டாயம். சலைன் தாங்கியைத் தள்ளிக்கொண்டு வார்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை போனேன். முதல் இரண்டு வாரம் திரவம் மட்டும்: வடிகட்டிய ரசம், மோர், பருப்புத் தண்ணீர், புரதப் பொடி. மருந்து மூடி அளவில் ஒவ்வொரு வாயாக. காலையும் மாலையும் பத்து நிமிடம் மொட்டைமாடியில் நடை. ஆறு வாரம் குடம், சிலிண்டர், அரிசிப்பை எதையும் தூக்கக் கூடாது என்றார்கள். வீட்டில் ஆண்கள் குடம் தூக்கிய அந்த ஆறு வாரம் தனியாக ஆராயத் தக்கது. மூன்றாவது மாதம் முடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. உடம்பு வேகமாக எடை இழக்கும்போது இது நடக்கும், பிறகு வளர்ந்துவிடும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள், வளர்ந்துவிட்டது. நடை இருபது நிமிடமாகி, முப்பதாகி, நாற்பத்தைந்து ஆனது. நாலாவது மாதம் மருத்துவர் முழங்காலை மடக்கி நீட்டிப் பார்த்துவிட்டு, விருப்பமிருந்தால் மெதுவாக ஓடிப் பார்க்கலாம் என்றார். மூட்டுத் தேய்மானம் உள்ள பருத்தவர்களை வைத்துச் செய்த ஓர் ஆய்வு, ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் முழங்கால்மேல் விழும் சுமை நாலு கிலோ குறைகிறது என்கிறது. என் முழங்கால்கள் அந்தக் கணக்கைப் படிக்காமலே உணர்ந்திருந்தன.

புதிதாக ஓடுபவர்களுக்கான பயிற்சித் திட்டங்களில் உலகமெங்கும் அறியப்பட்டது, 1996இல் ஜாஷ் கிளார்க் என்ற அமெரிக்கர் தன் அம்மாவையும் மனத்தில் வைத்து வகுத்த ஒன்பது வாரத் திட்டம். வாரத்துக்கு மூன்று நாள். முதல் வாரம் 60 விநாடி ஓட்டம், 90 விநாடி நடை, மொத்தம் இருபது நிமிடம். நல்ல திட்டம், மூச்சுக்கும் எலும்புக்கும் அவகாசம் கொடுக்கிற திட்டம். ஆனால் அதன் பெயரிலேயே ஒரு சோஃபா இருக்கிறது. சோஃபாவிலிருந்து எழுந்து ஐந்து கிலோமீட்டர் வரை என்பது அதன் பொருள். பருத்தவள் என்றால் சோஃபாவில் கிடப்பவள் என்ற அனுமானம் அந்த ஒரு சொல்லில் இருக்கிறது. நம் ஊர்ப் பெண்ணுக்குச் சோஃபா எங்கே? அதிகாலை எழுந்து அடுப்படியில் நின்று, பேருந்தில் நின்று, கரும்பலகை முன்னால் நின்று, இரவு மறுபடி அடுப்படியில் நிற்பவள் அவள். உட்கார்ந்ததால் வந்த எடை என்று அதை ஒரு வரியில் சொல்லிவிட முடியாது. மிச்சம் வைத்ததை வீணாக்காமல் சாப்பிட்டது, தூக்கமில்லாதது, இரண்டு பிரசவம், தைராய்டு, தனக்கென்று அரை மணி நேரம் இல்லாதது என்று அது பல பேர் சேர்ந்து எழுதிய நூல்.

அந்த ஒன்பது வாரம் எனக்கு இருபத்தாறு வாரம் ஆனது. முப்பது விநாடியில் தொடங்கினேன். ஒரு விளக்குக் கம்பத்திலிருந்து அடுத்த கம்பம் வரை ஓட்டம், பிறகு மூன்று கம்பம் நடை. இரைப்பை சிறுத்துவிட்டதால் ஒரே மூச்சில் தண்ணீர் குடிக்க முடியாது. சிறு பாட்டிலைக் கையில் வைத்துச் சிறிது சிறிதாக உறிஞ்ச வேண்டும். வெறும் வயிற்றில் ஓடினால் தலை சுற்றும், சாப்பிட்டு ஓடினால் குமட்டும். எனக்கு ஒத்துவந்தது ஓடுவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் பாதி வாழைப்பழம். தொங்கிப்போன அடிவயிற்றுத் தோல் ஒவ்வொரு அடிக்கும் தனியாகக் குதிக்கும், உரசிப் புண்ணாகும். இறுக்கமான உயர்இடுப்புக் கால்சட்டையும் தேங்காய் எண்ணெயும்தான் வழி. மார்பைத் தாங்கும் விளையாட்டு உள்ளாடைக்கு ஒரு கதை உண்டு. 1977இல் அமெரிக்காவின் வெர்மான்ட்டில் லிசா லின்டால், பாலி ஸ்மித், ஹிண்டா மில்லர் என்ற மூன்று பெண்கள், ஆண் விளையாட்டு வீரர்கள் அணியும் உறுப்புக் கச்சைகள் இரண்டை வெட்டி ஒட்டுத்தைத்து முதல் மாதிரியை உருவாக்கினார்கள். ஆணுக்கான காப்பு எப்போதோ கடைக்கு வந்திருந்தது. பெண்ணுக்கானதைப் பெண்கள் தையல் மெஷினில் உட்கார்ந்து செய்துகொள்ள வேண்டியிருந்தது.

*

கோவை ரேஸ் கோர்ஸ் நடைபாதை ஒரு சுற்று சுமார் இரண்டரை கிலோமீட்டர். மர நிழல், விளக்கு, ஆள் நடமாட்டம் எல்லாம் உள்ள பாதை. அங்கே காலையில் பெண்கள் நிறையப் பேர் வருகிறார்கள், பெரும்பாலும் நடக்கிறார்கள். நடக்கும் பெண்ணுக்கு ஓர் அனுமதிச் சீட்டு இருக்கிறது. "டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கார்" என்பதுதான் அந்தச் சீட்டு. அதைக் காட்டினால் மாமியார் விடுவார், கணவர் விடுவார், தெருவும் விடும். நான் நடந்த மாதங்களில் எனக்கும் அந்தச் சீட்டு செல்லுபடியானது. ஓடத் தொடங்கியதும் செல்லாமல் போனது. டாக்டர் ஓடச் சொன்னார் என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. நடை மருந்து, ஓட்டம் ஆசை என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. அவர்கள் சரியாகத்தான் புரிந்துகொண்டிருக்கிறார்கள்.

நடைக்கும் ஓட்டத்துக்கும் வித்தியாசம் வேகத்தில் இல்லை. வேகமாக நடப்பவர் மெதுவாக ஓடுபவரைத் தாண்டிப் போகலாம், என்னைத் தினமும் தாண்டிப் போகிறார்கள். நடையில் ஒரு பாதமாவது எப்போதும் தரையில் இருக்கும். ஓட்டத்தில் ஒவ்வொரு அடிக்கும் இரண்டு பாதமும் தரையை விட்டு எழும்பும் ஒரு கணம் உண்டு. பெண்ணின் நடையைப் பாடிய நம் புலவர்கள் அன்னத்தையும் பிடி யானையையும் உவமையாகக் கொண்டுவந்தார்கள். இரண்டும் நிலத்தை விடாமல் மெல்லப் பெயர்கிற நடைக்காகப் புகழப்பட்டவை. பாட்டில் அன்னத்தைப் பறக்க விட்டவர்களும் பெண்ணுக்கு உவமை சொல்லும்போது அதை நடக்க வைத்தார்கள்.

முதல் மாதங்களில் கேட்ட வார்த்தைகளை எல்லாம் இங்கே பட்டியல் போடப்போவதில்லை. 'பூமி அதிருது' என்பது அதிகம் கேட்ட ஒன்று. எடை குறையக் குறைய அந்த வகைக் கேலி குறைந்து வேறு வகைப் பார்வை வந்தது. முன்பு கேலி செய்யத் தகுந்த உடம்பாக இருந்தது, பிறகு பார்த்து ரசிக்கத் தகுந்த உடம்பாகிவிட்டது. இரண்டிலும் ஓடுகிறவள் ஒருத்தி இருக்கிறாள் என்பது பார்வையில் படவில்லை. அதே நேரம் அதே பாதையில் கூட்டுகிற தூய்மைப் பணியாளர் அக்கா ஒருவர் பல நாள் என்னைப் பார்த்துவிட்டு ஒருநாள் துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு சொன்னார்: "நாங்க இந்த ரோட்ட முடிச்சுட்டு வீட்டுக்கு ஓடோணுங்க. நீங்க வீட்டுல இருந்து இங்க ஓடி வர்றீங்க." அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்காக ஓடும் அரை மணி நேரம், இந்த ஷூ, சில லட்சம் செலவான அந்தச் சிகிச்சை எல்லாம் எந்தச் சம்பளத்தின் மேல் நிற்கின்றன என்பதை அந்த வரி அளந்துவிட்டது. ஓட்டத்தைப் பெண் விடுதலை என்று எளிதாக எழுதிவிட முடியாமல் அது இன்றும் தடுக்கிறது. விடுதலை என்று எழுதுவதற்கு முன் அவருக்கும் அந்த அரை மணி நேரம் கிடைக்க வேண்டும்.

*

ஓடும் பெண்ணுடலைச் சந்தேகப்படுவது நம் ஊருக்கு மட்டும் உரியதில்லை. 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்கள் முதல் முறையாக 800 மீட்டர் ஓடினார்கள். ஓடி முடித்தவர்கள் களைத்து விழுந்ததாகப் பத்திரிகைகள் பெரிதுபடுத்தின. அந்தப் போட்டியையே எடுத்துவிட்டு 1960இல்தான் மறுபடி சேர்த்தார்கள். ஓடி முடித்த ஆண்களும் களைப்பில் விழத்தான் செய்தார்கள், அவர்களின் போட்டியை யாரும் எடுக்கவில்லை. 1967இல் பாஸ்டன் மராத்தானில் பதிவெண்ணோடு ஓடிய கேத்ரின் சுவிட்சரை, பந்தய நிர்வாகி ஒருவர் ஓடிவந்து பிடித்து எண்ணைப் பிய்க்கப் பார்த்தார். ஒலிம்பிக்கில் பெண்களுக்கு மராத்தான் வர 1984 ஆனது.

அதே 800 மீட்டரில்தான் நம் சாந்தி சௌந்தரராஜன் 2006 தோஹா ஆசியப் போட்டியில் வெள்ளி வாங்கினார். புதுக்கோட்டை மாவட்டத்தில் செங்கல் சூளைத் தொழிலாளர்களின் மகள். பாலினப் பரிசோதனை என்ற பெயரில் பதக்கத்தைப் பறித்தார்கள். 1928இல் ஓடினால் பெண்மை கெடும் என்றார்கள், 2006இல் இவ்வளவு நன்றாக ஓடுகிறவள் பெண்ணாக இருக்க முடியாது என்றார்கள். வழக்கு ஒன்றுதான், வாதம் மட்டும் தலைகீழ். அவர் கதையை நினைவூட்டும் பகுதி 2013இல் வந்த 'எதிர்நீச்சல்' படத்தில் இருக்கிறது. பாலினப் பரிசோதனையால் வாழ்க்கை முறிந்த ஓட்ட வீராங்கனை ஒருத்தி அதில் வருகிறாள். அவளுக்கு நேர்ந்த அநீதியைப் படம் அக்கறையோடு சொல்கிறது. ஆனால் உச்சக்கட்ட மராத்தானில் ஓடுபவன் நாயகன், அவள் அவனுடைய பயிற்சியாளர். அவளிடமிருந்து பறித்த ஓட்டத்தைப் படம் அவனிடம் கொடுத்துவிட்டு, அதையே அவளுக்கான நீதியாக்கி முடித்துக்கொள்கிறது. திரையரங்கில் எல்லோரும் கைதட்டினார்கள். அவள் கால்களைக் காட்டவேயில்லையே என்று அன்று என் மகள் கேட்டாள்.

*

நம் மரபில் மெலிவையும் அசைவையும் ஒருசேரத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்ட பெண் ஒருத்தியாவது உண்டா என்று தேடினால், நான் போய் நிற்கும் இடம் காரைக்கால் அம்மையார். பெரியபுராணம் சொல்லும் கதை தெரிந்ததுதான். கணவன் பரமதத்தன் அவளைத் தெய்வமென்று அஞ்சி விலகி, பாண்டிநாட்டில் வேறு மணம் செய்து, குழந்தையோடு வந்து காலில் விழுகிறான். அப்போது புனிதவதி கேட்கும் வரம், இவனுக்காகச் சுமந்த இந்தத் தசையைக் கழித்துவிட்டுப் பேய் வடிவம் தா என்பது. பிறகு அவள் கயிலைக்குப் போகிறாள், காலால் மிதிக்க அஞ்சித் தலையால் நடந்து. கடைசியில் திருவாலங்காட்டில் ஆடலின் கீழே பாடிக்கொண்டிருக்கிறாள்.

பக்தி இலக்கிய வகுப்பில் இதைத் துறவு என்று சொல்லிக் கொடுக்கிறோம். இந்த இரண்டு வருடத்துக்குப் பின் எனக்கு அதில் வேறு இரண்டு விஷயங்கள் கண்ணில் படுகின்றன. முதலாவது, தசை யாருக்காக இருந்தது என்ற கணக்கை அவளே எடுத்துச் சொல்கிறாள். மெலிந்தால் அழகாவாய் என்று அவளுக்கு யாரும் ஆசை காட்டவில்லை. அழகு என்று ஊர் சொன்னதிலிருந்து வெளியேறும் மெலிவு அது. இரண்டாவது, தசை போனதோடு கதை முடியவில்லை, அதற்குப் பிறகுதான் அவள் பயணம் கிளம்புகிறாள். நம் கால இரண்டு படங்களில் மெலிவு முடிவு. அம்மையிடம் அது புறப்பாடு. எனக்குப் பேய் வடிவம் வேண்டாம், உடம்பை வெறுக்கவும் விருப்பமில்லை. இந்த வரிசை மாற்றம் மட்டும் வேண்டும்.

2002இல் குட்டி ரேவதியின் 'முலைகள்' வெளியானபோது எழுந்த வசைகளை இந்தத் தொகுப்பின் வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அந்தக் கவிஞர்கள் கொடுத்த தைரியத்தில்தான் என் தலைமுறை உடலை எழுதியது. முலை, யோனி, கருப்பை, காமம், வலி எல்லாம் தமிழ்க் கவிதைக்குள் பெண்ணின் குரலில் வந்தன. முழங்கால் இன்னும் போதுமான அளவு வரவில்லை. மூச்சிரைப்பு வரவில்லை. பார்க்கப்படுகிற, தொடப்படுகிற, பெற்றெடுக்கிற உடலை எழுதிய அளவுக்கு, காற்றைக் கிழித்து முன்னால் போகிற உடலை நாம் எழுதவில்லை என்பது என் வாசிப்பு. அதற்குச் சொற்கள் வேண்டும். விளையாட்டுப் புத்தகங்களில் ஜாகிங்குக்கு 'மெல்லோட்டம்' என்று போடுகிறார்கள். நல்ல சொல்தான், ஆனால் மென்னடையின் தங்கைபோல் ஒலிக்கிறது. ஓடுகாலி என்ற சொல்லையே துடைத்து எடுத்துப் பயன்படுத்தலாமா என்று யோசிக்கிறேன். என் முனைவர் பட்ட மாணவி ஒருத்தி தன் ஓட்டக் குழுவுக்கு அந்தப் பெயரை வைத்திருக்கிறாள். ஆறு பேர் கொண்ட குழு, இருவர் பருத்தவர்கள், யாரும் மெலிவதற்காக ஓடவில்லை என்று சொன்னாள்.

அறுவைக்குப் பிறகு இரண்டாவது வருடத்தில் பலருக்கும் எடை கொஞ்சம் திரும்பும். எனக்கும் 78 வரை போய் இப்போது 82இல் நிற்கிறது. இன்னும் ஏறலாம். முன்பு, பின்பு என்ற இரண்டு படங்களில் இந்த நாலு கிலோவுக்கு இடமில்லை, இது மூன்றாவது படம். ஓடுவது மெலிவதற்காக என்றிருந்தால் இந்த நாலு கிலோ வந்த அன்றே நான் தோற்றவள் ஆகியிருப்பேன், ஷூவைக் கழற்றிப் பரண்மேல் போட்டிருப்பேன். அத்தையின் கேள்விக்குள் இருந்த ஆபத்து இதுதான். அது ஓட்டத்தை எடையின் வேலைக்காரியாக வைத்திருந்தது. எடை போனாலும் வேலை போய்விடும், எடை வந்தாலும் வேலை போய்விடும்.

இப்போதும் பார்க்கிறவர்கள் முதலில் கேட்பது, மொத்தம் எத்தனை கிலோ குறைந்தது என்பதைத்தான். கிலோ மற்றவர்கள் என்னை அளக்கும் அலகு. எனக்கு வேறு அலகு கிடைத்திருக்கிறது. நிற்காமல் ரேஸ் கோர்ஸ் ஒரு சுற்று, 23 நிமிடம். இளைஞர்கள் பன்னிரண்டில் முடிக்கிற தூரம். அத்தையிடம் அதைத்தான் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, சின்ன வயசில் பவானி ஆற்று மணலில் தான் எவ்வளவு வேகமாக ஓடுவேன் என்று சொல்லத் தொடங்கினார். எந்த வயதில் நிறுத்தினீர்கள் அத்தை என்று கேட்டேன். அதற்கு அவர் பதில் சொல்லவில்லை.